பதினைந்தாம் லூயியும் புதுச்சேரிக் கரையின் வாரிசுப் போர்களும்

பிரான்சின் பதினைந்தாம் லூயி 1715 செப்டம்பர் 1 அன்று அரியணை ஏறியபோது அவருக்கு வயது ஐந்து. கொள்ளுத்தாத்தா பதினான்காம் லூயி இறந்த நாள் அது. இடையில் முறைப்படி ஆள வேண்டியிருந்த தாத்தா, தந்தை, அண்ணன் மூவரையும் 1711, 1712 ஆண்டுகளில் பெரியம்மையும் தட்டம்மையும் கொண்டுபோயிருந்தன. 1774 வரை நீண்ட அவருடைய ஆட்சியில் பெரும் போர்கள் மூன்று. முதல் இரண்டும் பிறர் வீட்டு வாரிசுரிமைக்காக மூண்டவை. இரண்டாவதும் மூன்றாவதும் கோட்டக்குப்பம், செஞ்சி, விக்கிரவாண்டி வட்டாரம் வரை வந்து சேர்ந்தன.

சிறுவயது மன்னருக்காக ஆட்சி நடத்திய ஆர்லியன்ஸ் கோமகன், ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் அரசின் கடனை அடைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். லாவின் திட்டம் 1720-இல் நொறுங்கியது. ஆனால் அதற்காக ஒன்றிணைத்த வணிகக் கம்பெனி பிழைத்துக்கொண்டது. புதுச்சேரி அதன் கையில்தான் இருந்தது.

போலந்து வாரிசுப் போர் (1733–38) லூயியின் மாமனாருக்காக நடந்தது. தமிழகத்துக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. 1740-இன் கதை வேறு. அவ்வாண்டு மே மாதம் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி மராட்டியருடன் நடந்த சண்டையில் மாண்டார். அக்டோபரில் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் ஆண் வாரிசின்றி இறந்தார். மகள் மரியா தெரசாவின் உரிமையை மறுத்தவர்களுடன் பிரான்சு சேர, இங்கிலாந்து எதிர்ப்பக்கம் நின்றது. 1746-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே சென்னையைப் பிடித்தார். 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினர். அந்த முற்றுகையின் நடுவேதான் நகரின் வேதபுரீசுவரர் கோயிலை பிரெஞ்சுக்காரர்கள் இடித்தனர். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அதன் விவரம் இருக்கிறது. அவ்வாண்டே சமாதானம் ஏற்பட்டு, வட அமெரிக்காவின் லூயிபூர்க் கோட்டைக்கு ஈடாகச் சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது.

பிரான்சு, இங்கிலாந்து மன்னர்கள் போரை நிறுத்திய பிறகுதான் இங்கே சண்டை சூடுபிடித்தது. ஐதராபாத்தில் நிஜாம் 1748-இல் இறக்க, மகன் நாசிர் ஜங்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்கும் மோதினர். ஆற்காட்டுக்கு அப்போதைய நவாப் அன்வருதீனும், தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபும் போட்டியிட்டனர். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே பேரனையும் மருமகனையும் ஆதரித்தார். லாபம் கண்கூடு: 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வருதீன் வீழ்ந்ததும் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்கள் கம்பெனிக்குக் கிடைத்தன. வரி வருவாயில் படை, படையால் மேலும் வரி என்பது அவர் கணக்கு. பின்னாளில் ஆங்கிலேயர் அதே கணக்கைத்தான் போட்டார்கள்.

1750 ஏப்ரலில் வழுதாவூர் அருகே நாசிர் ஜங்கின் பெரும்படைக்கு எதிரே நின்றபோது, பிரெஞ்சு அதிகாரிகள் பதின்மூன்று பேர் பதவியை உதறிவிட்டுப் போனார்கள், படை சிதறியது. செப்டம்பரிலோ யாரும் எளிதில் பிடிக்க முடியாதென்று பெயர்பெற்ற செஞ்சிக் கோட்டையை பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கைப்பற்றினார். டிசம்பரில் நாசிர் ஜங் தன் கூட்டாளி நவாப் ஒருவராலேயே கொல்லப்பட்டார். 1752-இல் விக்கிரவாண்டியில் ஆங்கிலேயர் தோற்றனர். ஆனால் அதற்கு முன்பே, ஜூனில், ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா சரணடைந்து, சந்தா சாகிபின் தலையும் போயிருந்தது. அவ்வாண்டே லூயி டூப்ளேக்கு மார்க்கி பட்டம் அளித்தார். இரண்டே ஆண்டில் திருப்பி அழைத்துக்கொண்டார். லூயியின் அரசுக்கு இந்தியா ஒரு செலவுக் கணக்கு என்பதற்கு மேல் எதுவுமில்லை.

ஏழாண்டுப் போர் (1756–63) முடிவைக் கொண்டுவந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட், மார்ச்சில் திண்டிவனம் அருகே பெருமுக்கல் குன்றுக் கோட்டையையும், ஏப்ரலில் வழுதாவூரையும் பிடித்து, புதுச்சேரியைச் சூழ்ந்தார். தானியம் தீர்ந்தபோது லாலி நவம்பர் இறுதியில் ஏறக்குறைய 1,400 தமிழரை நகருக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் அவர்களை வெளியேற விடவில்லை, உள்ளேயும் இடமில்லை. எட்டு நாள் இரு படைகளுக்கும் நடுவே புல்லையும் வேரையும் தின்று கிடந்தவர்களைக் கடைசியில் கூட் போகவிட்டார். டிசம்பரில், கோட்டக்குப்பம் இருக்கும் வடக்குத் திசையில், கடற்கரையை ஒட்டி நான்கு பீரங்கிகளுடன் ஒரு மேடை எழுந்தது. வெள்ளையர் நகரின் வடக்கு–தெற்குப் பெருந்தெருவை நேரே சுடுவதற்காக அமைத்தது. பெயர் வேல்ஸ் இளவரசர் மேடை. புத்தாண்டுப் புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல கவிழ்ந்தன. அதனாலும் பயனில்லை. 1761 ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. பிறகு கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். செஞ்சி ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது.

1763 பாரிஸ் உடன்படிக்கை அன்வருதீனின் மகன் முகமது அலியை ஆற்காட்டு நவாபாகவும், நாசிர் ஜங்கின் தம்பி சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சுபேதாராகவும் ஏற்றது. சலாபத் ஜங்கை அவர் தம்பி ஏற்கெனவே பதவியிறக்கிச் சிறையில் வைத்திருந்த செய்தி பாரிசில் கணக்கில் வரவில்லை. லாலிக்கு 1766-இல் தலை வெட்டப்பட்டது. கம்பெனி 1769-இல் வணிக ஏகபோகத்தை இழந்தது. இடிபாடாகத் திரும்பிய புதுச்சேரியை 1765-இல் பெற்றுக்கொண்டு கட்டத் தொடங்கியவர் ழான் லா: ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தவரின் அண்ணன், 1720-இல் நொறுங்கிய திட்டத்தை வகுத்த ஜான் லாவுக்கு உறவில் பிள்ளை முறை.