அரக்கு முத்திரையும் கைப்பேசிப் பூட்டும்

கொடைக்கானலுக்குக் காட் ரோடு வருவதற்கு முன், ஜனங்கள் மலைப்பாதையில் நடந்தோ டோலியிலோதான் ஏறினார்கள். தபாலும் மனிதர் தோளில்தான் ஏறியது. அந்தக் காலத்துத் தபால் ஓட்டக்காரர்கள் சலங்கை கட்டிய ஈட்டி வைத்திருப்பார்கள். அது காட்டு விலங்குகளுக்காக. கடிதத்தைக் காத்தது பையின் வாயில் இருந்த அரக்கு முத்திரை. சுமப்பவர் உள்ளே பார்க்க வேண்டியதில்லை. யாராவது பிரித்தால் அடுத்த ஆபீசில் தெரிந்துவிடும்.

பின்னால் சட்டமும் வந்தது. 1898-ம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 52-வது பிரிவு, தபாலைத் திருடும், மறைக்கும், அழிக்கும் ஊழியருக்கு 7 ஆண்டு வரை சிறை என்றது. அஞ்சல் துறையில் இருந்தவன் நான். அரக்கு வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

இப்போது பையோடு கருவியும் சேர்ந்துவிட்டது. 2017 டிசம்பரில் 'தர்பன்' திட்டம் தொடங்கி, நாட்டின் சுமார் 1.29 லட்சம் கிளை அஞ்சலகங்களுக்கு சிம் போட்ட கையடக்கக் கருவி தர முடிவானது. 2018 செப்டம்பர் 1 அன்று இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வந்தது. 2020 முதல் தபால்காரர் நம் வீட்டுக்கே வந்து, கைரேகை வாங்கி, பென்ஷன்காரரின் உயிர்வாழ் சான்றிதழைப் பதிவு செய்கிறார். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பெரியவர்களுக்கு ஒருநாள் பஸ் அலைச்சல் மிச்சம்.

ஆனால் ஆதாரும் வங்கிக் கணக்கும் தொடும் கருவி பஸ்ஸில் தொலைந்தால்? இதற்கென்றே நிறுவனங்கள் நிர்வாக மென்பொருள் போடுகின்றன. கடவுச்சொல் கட்டாயம், அனுமதித்த செயலி மட்டும், தகவல் சங்கேதமாகப் பதியும், தொலைந்தால் தலைமை அலுவலகத்திலிருந்தே பூட்டலாம், அழிக்கலாம். அரக்கு செய்த வேலைதான். 2023 மே மாதம் முதல், போலீசில் புகார் கொடுத்து, 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்து நாமும் நம் போனை முடக்கலாம். *#06# அழுத்தினால் அந்த எண் வரும். இன்றே டைரியில் குறித்து வையுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பல கம்பெனிகளில் ஊழியரின் சொந்த போனிலேயே ஆபீஸ் வேலை நடக்கிறது. மொத்தமாக அழித்தால் மகள் கல்யாணப் படங்களும் போகும். ஆண்ட்ராய்டு போனில் ஆபீசுக்கென்று தனி அறை ஒதுக்கும் வசதி இருக்கிறது. அதை மட்டும் அழித்தால் போதும். உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் போனில் அப்படிப் பிரித்திருக்கிறதா என்று.

அன்று முத்திரையிட்டது தபால் பைக்குத்தான். ஓட்டக்காரர் வீட்டுப் பெட்டிக்கு யாரும் முத்திரையிடவில்லை.