அனார்க்கி எவலூஷன்: ஒரு பங்க் பாடகரின் நினைவுநூல்

‘அனார்க்கி எவலூஷன்’ என்பது அமெரிக்கப் பங்க் இசைக்குழுவான ‘பேட் ரிலிஜன்’ குழுவின் பாடகர் கிரெக் கிராஃபின், அறிவியல் எழுத்தாளர் ஸ்டீவ் ஓல்சனுடன் இணைந்து எழுதி 2010ஆம் ஆண்டில் வெளிவந்த நூலாகும். இது பாதி நினைவுக்குறிப்பு, பாதி உயிரியல், ஊடே தத்துவம். பாடகர் ஒருவர் எழுதிய நூலில் பரிணாமக் கொள்கைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், கிராஃபின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற விலங்கியலாளர் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

கிராஃபின் 1964இல் பிறந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த குடும்பம். தந்தை ஆங்கிலப் பேராசிரியர், தாயும் பல்கலைக்கழக நிர்வாகப் பணியில் இருந்தவர். வீட்டில் புத்தகங்கள் இருந்தன, வழிபாடு இல்லை. பெற்றோர் பிரிந்தபின் 1976இல் தாயுடன் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். புதிய ஊர், புதிய பள்ளி. அங்குள்ள பிள்ளைகளோடு ஒட்ட முடியவில்லை. அப்படி ஒட்டாமல் நின்றவர்களுக்கு அன்று ஒரு புகலிடம் இருந்தது. அதுதான் பங்க்.

பங்க் ராக் 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் உருவான இசைவகை. மூன்று நான்கு சுரக்கோர்வைகள், வேகமான தாளம், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு. முறையாக இசை பயின்றிருக்க வேண்டியதில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் போதும். லாஸ் ஏஞ்சலஸில் அது இன்னும் கடுமையான வடிவம் எடுத்தது. நிகழ்ச்சிகளில் அடிதடி நடந்தது. காவல்துறை பாதியில் வந்து கலைத்தது. போதைப்பொருள் பல இளைஞர்களைத் தின்றது. கிராஃபின், பிரெட் குரேவிட்ஸ், ஜே பென்ட்லி, ஜே ஜிஸ்க்ரவுட் ஆகிய பள்ளி மாணவர்கள் 1980 அளவில் பேட் ரிலிஜன் குழுவைத் தொடங்கினர். கிராஃபினின் தாய் வீட்டுக் கார் கொட்டகைதான் பயிற்சிக்கூடம். முதல் முழு இசைத்தொகுப்பு 1982இல் வந்தபோது பாடகருக்கு வயது 17.

அடுத்த ஆண்டே அவர்கள் ‘இன்டு தி அன்நோன்’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் விசைப்பலகைக் கருவிகளும் நீண்ட பாடல்களும் இருந்தன. விதிகளை மீறுவதே தங்கள் விதி என்ற பங்க் ரசிகர்கள், இந்த மீறலை மட்டும் பொறுக்கவில்லை. தட்டுகள் பெரும்பாலும் திரும்பி வந்தன, குழு சிதறியது. மீண்டும் ஒன்றுகூடி 1988இல் வெளியிட்ட ‘சஃபர்’ தொகுப்பில் 15 பாடல்கள், மொத்தம் 26 நிமிடங்கள். அருஞ்சொற்கள் நிறைந்த வரிகளும் பல குரல் இணைப்பும் சேர்ந்த அந்த நடையைப் பின்னர் பல குழுக்கள் பின்பற்றின.

இந்தச் சிதறலுக்கும் மீட்சிக்கும் இடையில் கிராஃபின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தார். நிலவியலில் முதுகலை ஆய்வு. கொலராடோவின் ஹார்டிங் மணற்கல் படிவுகளில் கிடைக்கும் மிகப் பழைய முதுகெலும்பிகளின் புதைபடிவங்கள் பற்றியது. அவை ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இதன் பின்னரே கார்னெல். அங்கு வழிகாட்டி அறிவியல் வரலாற்றாளர் வில்லியம் புரோவைன். இசைப் பயணங்களுக்காக ஆய்வு பலமுறை நின்றது. பட்டம் 2003இல்தான் கிடைத்தது.

அந்த ஆய்வுக்காக அவர் உலகின் முன்னணிப் பரிணாம உயிரியலாளர்களிடம் கடவுள், மறுமை, சுயவிருப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பினார். 149 பேர் பதிலளித்தனர். ஐந்தில் நான்கு பங்கினர் அளவில், இயற்கைக்கு அப்பாற்பட்ட எதையும் ஏற்காதவர்கள். இதில் வியப்பில்லை. ஆனால் ஏறத்தாழ அதே அளவினர் மனிதனுக்குச் சுயவிருப்பு உண்டு என்றனர். சுயவிருப்பே கிடையாது என்று வாதிட்ட புரோவைனுக்கு இது உவப்பான முடிவு அன்று. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து 2007இல் ‘அமெரிக்கன் சயன்டிஸ்ட்’ இதழில் இதை வெளியிட்டார்கள். தமக்குப் பிடிக்காத விடையையும் மறைக்காமல் அச்சிட்ட அந்தப் பக்கங்களை ஆய்வு மாணவர்கள் படித்துப் பார்க்கலாம்.

இனி நூலின் கருத்துக்கு வருவோம். கிராஃபின் தம்மை நாத்திகர் என்று அழைத்துக்கொள்வதைவிட ‘நேச்சுரலிஸ்ட்’ என்று சொல்வதையே விரும்புகிறார். தமிழில் இதனை ‘இயற்கை ஆர்வலர்’ என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும், ‘இயற்கைவாதி’ எனலாம். நாத்திகம் ஒன்றை மறுப்பதோடு நின்றுவிடுகிறது, இயற்கைவாதமோ உலகை எவ்வாறு அறிவது என்று சொல்கிறது என்பது அவர் வாதம். காணவும் சோதிக்கவும் கூடியதைக் கொண்டே முடிவு செய். அதிகாரத்தில் உள்ளவர் சொன்னார் என்பதற்காக ஏற்காதே. இங்கேதான் பங்க் இளைஞனின் எதிர்ப்பும் ஆய்வாளனின் ஐயமும் அவருக்கு ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

அதே ஐயத்தை அவர் தம் துறைமீதும் திருப்புகிறார். இயற்கைத் தேர்வையும் ஒரு பொய்த்தெய்வமாக ஆக்கிவிடக் கூடாது என்கிறார். உயிரினங்களின் ஒவ்வோர் உறுப்பும் மிகச் சிறந்தது என்பதால்தான் நிலைத்தது என்று எண்ணுவது தவறு. பிழைத்திருக்கப் போதுமான அளவில் இருந்தாலே போதும். மரபணுக்களின் தற்செயலான பெருக்கமும் மறைவும், பேரழிவுகளும் வரலாற்றைத் திசைதிருப்புகின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது அழிந்த டைனோசர்கள் தகுதிக்குறைவால் அழியவில்லை. தலைப்பிலுள்ள ‘அனார்க்கி’ என்ற சொல் இந்தத் தலைமையற்ற, திட்டமற்ற நிலையையே குறிக்கிறது.

நோக்கமே இல்லாத உலகில் எதற்காக ஒழுங்காக வாழ வேண்டும்? அவர் விடை எளிமையானது. பொருள் மேலிருந்து வருவதில்லை. குடும்பம், நண்பர்கள், செய்த வேலை ஆகியவற்றில் நாம் விட்டுச்செல்லும் தடத்தில் இருக்கிறது. இது எல்லாருக்கும் நிறைவளிக்கும் விடை அன்று. ஆயினும் நம்பிக்கையாளர்களை அவர் ஏளனம் செய்வதில்லை. கிறிஸ்தவ வரலாற்றுப் பேராசிரியர் பிரஸ்டன் ஜோன்ஸுடன் அவர் நடத்திய மின்னஞ்சல் விவாதம் 2006இல் தனிநூலாகவே வந்திருக்கிறது.

நூலில் இடறும் இடமும் உண்டு. பாடல்கள் பலவாகப் பிறந்து சில நிலைப்பதை உயிரினங்களின் வேறுபாட்டோடு அவர் ஒப்பிடுகிறார். பாட்டு எழுதுபவர் கேட்பவரை மனத்தில் வைத்து எழுதுகிறார். மரபணு மாற்றத்திற்கு அப்படி ஒரு மனம் இல்லை. ஒப்புமை அந்த இடத்தில் நொண்டுகிறது. அத்தியாயங்கள் மேடையிலிருந்து புதைபடிவத்திற்கும் திரும்பவும் தாவுவதால், வரிசையான குழு வரலாற்றை எதிர்பார்ப்பவர்களுக்குச் சலிப்பு ஏற்படலாம்.

நூல் வெளிவந்த மறு ஆண்டு, சீனாவில் கிடைத்த கிரீட்டேசியக் காலப் பறவைப் புதைபடிவம் ஒன்றுக்குக் ‘கிலியானியா கிராஃபினி’ என இவர் பெயரைச் சேர்த்துச் சூட்டினார்கள். 2015இல் ‘பாப்புலேஷன் வார்ஸ்’ என்ற நூலை எழுதினார். 2022இல் வந்த ‘பங்க் பாரடாக்ஸ்’ முறையான தன்வரலாறு. குழுவின் கதை மட்டும் வேண்டுவோர் அதிலிருந்து தொடங்கலாம். உயிரியல் மாணவர்களுக்கு 2010ஆம் ஆண்டு நூலே ஏற்றது.