டெபிட்டும் வேண்டாம், கிரெடிட்டும் வேண்டாம்!

பி.காம். படித்தவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் வலிக்கும். என்னையும் சேர்த்துத்தான்.

1983-ல் ஸ்காட் குக் என்ற அமெரிக்கர், ஒரு கல்லூரி மாணவரைக் கூட்டு சேர்த்துக்கொண்டு இன்ட்யூட் கம்பெனியை ஆரம்பித்தார். சரக்கு, வீட்டுக் கணக்கு எழுதும் 'குவிக்கன்' சாஃப்ட்வேர். எழுதுவதற்கு முன்பே குடும்பத் தலைவிகளுக்குப் போன் போட்டு, 'பில்லெல்லாம் எப்படிம்மா கட்டறீங்க?' என்று விசாரித்த ஆசாமி அவர். பிறகு கடையில் குவிக்கன் வாங்குபவரோடு அவர் வீட்டுக்கே போய், எங்கே திணறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் வழக்கமானது.

அப்படிப்பட்டவர்களே ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டார்கள். கருத்துக் கேட்டபோதெல்லாம் சுமார் பாதிப் பேர், 'ஆபீசில்தான் பயன்படுத்துகிறோம்' என்றார்கள். இன்ட்யூட் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலாளிக்குத் தெரியாமல் வீட்டுக் கணக்கைப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது!

இப்படியே சில வருடங்கள் ஓடின. கடைசியில் நேரில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர்களில் ஏகப்பட்ட பேர் சின்ன வியாபாரிகள். ஏற்கெனவே கடைகளில் இருந்த கணக்கு சாஃப்ட்வேர்கள் டெபிட், கிரெடிட், லெட்ஜர் என்று மிரட்டியதால், செக் புத்தகம் மாதிரி இருந்த குவிக்கனைப் பிடித்துக்கொண்டவர்கள்.

1992-ல் அவர்களுக்காகவே வந்தது 'குவிக்புக்ஸ்'. வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆடிட்டர்களுக்குத்தான் கோபம். யார், எந்தக் கணக்கை, எப்போது திருத்தினார்கள் என்பதற்குத் தடயமே இல்லையே! அந்தப் புகாரையும் கேட்டு, பின்னால் வந்த பதிப்புகளில் அதைச் சேர்த்தார்கள்.