வேகம் வேறு, நேரம் வேறு

ஒரு மிருதங்கக்காரர் எவ்வளவு வேகமாக வாசிக்கிறார் என்பதா முக்கியம்? சரியான இடத்தில் வந்து விழுகிறாரா என்பதுதான் முக்கியம். கணினிக்கு அதைச் சொல்லிக் கொடுக்க 20 வருடம் ஆனது. அந்தக் கதைதான் இது.

மைக்கில் வரும் ஒலியைக் கணினி ஒரு வினாடிக்கு 48,000 எண்களாக மாற்றுகிறது. 128 எண்கள் சேர்ந்ததும் ரெக்கார்டிங் மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் 2.7 மில்லி வினாடிகூட இல்லை. ஒரே ஒரு தடவை பிந்தினாலும் பதிவில் 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த டேக் வீண்!

யாருக்கு எப்போது ப்ராசஸர் என்று முடிவெடுப்பது கர்னல். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கர்னல், முதலில் இந்த அவசரத்துக்காக எழுதப்பட்டது அல்ல. அது தன் சொந்த வேலையில் இறங்கிவிட்டால், இசை காத்திருக்க வேண்டியதுதான். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில், அந்த வேலையையும் இடையில் நிறுத்தும் வசதி வந்தது. ஆனாலும் எல்லா இடத்திலும் நிறுத்த முடியவில்லை.

2004இல் இங்கோ மோல்னார், தாமஸ் கிளெய்க்ஸ்னர் போன்றவர்கள் கர்னலின் பூட்டுகளையே மாற்றி எழுதத் தொடங்கினார்கள். அது பல வருடம் தனி ஒட்டாகவே இருந்தது. வேண்டுமென்றால் நாமே ஒட்டி, கம்பைல் செய்ய வேண்டும். 2014இல் பணம் இல்லாமல் வேலையே நின்றுவிடும் போல இருந்தது. அடுத்த வருடம் லினக்ஸ் பவுண்டேஷன் கைகொடுத்தது. 2024 செப்டம்பரில், வியன்னாவில், கிளெய்க்ஸ்னர் அந்தக் கோரிக்கையைக் காகிதத்தில் அச்சடித்து, பரிசுப் பொருள் போலச் சுற்றி டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் அது சேர்ந்தது.

அப்படியென்றால் உங்கள் லேப்டாப் தயாரா? கொஞ்சம் பொறுங்கள். என் மச்சாளின் மிருதங்கத்தைப் பதிவு செய்ய நான் ஒரு பழைய லேப்டாப்பைத் தயார் செய்தபோது, புதிய கர்னல் போட்ட பிறகும் 'டிக்' கேட்டது. லேப்டாப்பின் ஃபர்ம்வேர், வெப்பம், பேட்டரி போன்றவற்றைக் கவனிக்க, கர்னலுக்கே சொல்லாமல் ப்ராசஸரைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கர்னலால் தடுக்க முடியாது. 'எச்டபிள்யூலாட்டிடெக்ட்' என்ற சிறு கருவி அந்தத் திருட்டைக் காட்டிக் கொடுக்கும். ஆகவே முதலில் அளந்து பாருங்கள். பிறகு வைஃபையை நிறுத்துங்கள், மின்சேமிப்பை அணையுங்கள், ரெக்கார்டிங் மென்பொருளுக்கு முன்னுரிமை கொடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பஃபரை 256 ஆக்குங்கள்.

இவ்வளவுக்கும் பின்னால் இருப்பது 20 வருடம் விடாமல் செய்த வேலை. இன்று அது உங்களுக்கு இலவசம். பதிவு செய்து பாருங்கள்.