கொத்தும் சரமும்

பசுவின் மடி கல்லாய் இறுகி, தொட்டால் சுட்டு, காம்பைப் பீய்ச்சினால் பாலுக்குப் பதில் திரிதிரியாய் நீர் வடியும் மடிநோய்க்குக் காரணமான கிருமிகளில் பிரதானமான இரு வகைகளின் நாமங்கள், நாவுக்கு எத்தனை கரடுமுரடாயினும், அர்த்தத்தில் வெகு எளியவை. 'காக்கஸ்' என்பது, விதைமணியைக் குறிக்கும் 'கோக்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் லத்தீன் உருவம். வியன்னாவின் ரணவைத்தியர் பில்ரோத், சரமாய் நெளிந்து கிடந்த மணிகளை, முறுக்கியது எனப் பொருள்படும் 'ஸ்ட்ரெப்டோஸ்' என்பதைச் சேர்த்து 1874-இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றழைக்க, ஆபர்டீன் நகரத்து ரணவைத்தியர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன், சீழில் குலைகுலையாய்த் திரண்டிருந்தவற்றுக்கு, திராட்சைக்கொத்தாகிய 'ஸ்டபுலே'யைக் கொண்டு 1882-இல் ஸ்டபைலோகாக்கஸ் என்று பெயரிட்டார். பூதக்கண்ணாடியில் கண்டதைக் கண்டபடி சொன்ன பெயர்கள்! கொத்துக் கிருமிகளுள் பொன்னிறக் கூட்டமாய் வளர்வதொன்றை 'ஆரியஸ்' என்பர். இனத்தைக் குறிக்கும் 'ஆரிய' சப்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, லத்தீனில் பொன் என்பதன் வழி வந்தது அது. எனக்கு மிகவும் பிடித்தது, மடிநோய் தரும் சரமணிக் கிருமியின் அடைமொழியான 'அகலாக்டியே': 'காலா' என்றால் பால், முன்னிற்கும் 'அ' என்பதோ, அதர்மம், அநீதி என்று நாம் நித்தமும் வழங்கும் வடமொழி எதிர்மறையின் உடன்பிறப்பு, ஆக, பாலின்மை.