நாட்டுடைமை வேறு, களவுப் பதிப்பு வேறு

புதிய தமிழ் நாவல் வெளியான சில நாள்களிலேயே அதன் பிடிஎஃப் கோப்பு டெலிகிராம், வாட்ஸ்ஆப் குழுக்களில் இலவசமாகச் சுற்றத் தொடங்கிவிடுகிறது. தவறல்லவா என்று கேட்டால், பாரதியாரின் எழுத்து எல்லோருக்கும் பொதுவாகவில்லையா என்று படித்தவர்களே திருப்பிக் கேட்கின்றனர். அந்த ஒப்பீடு வரலாற்றுக்குப் பொருந்தாது.

பாரதியார் 1921இல் மறைந்த பின் அவருடைய எழுத்துரிமை பல கைகளுக்கு மாறியது. பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. எழுத்தாளர்களும் கலைஞர்களும் வற்புறுத்தியதன் பயனாக, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு 1949இல் அவ்வுரிமைகளைப் பெற்றது. கவிஞரின் குடும்பத்துக்கும் தொகை வழங்கியது. பின்னர் அவை பொதுவாயின. தமிழ் வளர்ச்சித் துறை இன்று நூல்களை நாட்டுடைமையாக்குவதும் மரபுரிமையர்க்குத் தொகை கொடுத்தே. காப்புரிமத்தை அரசே விலைக்கு வாங்கிப் பொதுவாக்கலாம் என்று மைக்கேல் கிரெமர் 1998இல் எழுதிய கட்டுரையைப் பொருளியலார் வியந்து பேசுவர். எழுத்துரிமையில் அதை நாம் அரை நூற்றாண்டு முன்பே செய்துவிட்டோம்!

சட்டத்திலும் குறை உண்டு. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்க வேண்டும் என்ற முன்மொழிவை மெக்காலே 1841இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார். அது வாசகர் மீது விழும் வரி என்பது அவர் வாதம். இந்தியாவில் 50 ஆண்டாக இருந்த காலத்தை, தாகூரின் நூல்களுக்கான உரிமை முடியும் தறுவாயில், 1992இல் அதே 60 ஆண்டாக நீட்டினோம். இது மிகை என்பதே என் கருத்து. ஆனால் நேற்று வெளியான நூலைக் களவாடுவதற்கு அது நியாயமாகாது. சீனா பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்ததே 1992இல்தான். நாமோ 1928 முதல் உறுப்பினர்.

விலை கட்டுப்படியாகவில்லை என்ற குறை மெய்யானது. திருவொற்றியூரிலிருந்து கல்லூரிக்கு வரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பாடநூலை ஒளிநகல் எடுத்தே படிப்பதைக் கண்டிருக்கிறேன். கற்பித்தலுக்காகப் பாடப்பகுதிகளை நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. பொழுதுபோக்குக்குப் படிக்கும் நாவலுக்கு அவ்விலக்கு பொருந்தாது. அதற்குரிய இடம் நூலகம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். அந்தப் பணத்தில் ஆண்டுதோறும் தவறாமல் புதிய நூல்கள் வாங்கப்பட்டால், வாசகருக்கும் செலவில்லை. சில நூறு படிகளே விற்கும் எழுத்தாளருக்கும் உரிமைத்தொகை கிட்டும்.