யார் கை வைத்தால் குருப்பட்டம்?

பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி வரும் அன்பர்களுள் பலர், அதே பழைய நகரில் நிற்கும் பரிசுத்த திரித்துவ ஆலயத்தை ஏறிட்டும் பாராமல் ஊர் திரும்பிவிடுகின்றனர். 1750-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் தம் சீர்திருத்த சபைக்கென எழுப்பிய கோவில் அது. ஆயர் வேண்டாம், மூப்பர் சங்கம் போதும் என்பது அவர்கள் கொள்கை. ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின், ஆயர் ஆட்சியைக் கைவிடாத ஆங்கிலிக்கன் சபையார் கைக்கு அது மாறிற்று. சுவர்கள் அப்படியே நிற்க, திருச்சபை என்றால் என்ன என்ற எண்ணம் மட்டும் உள்ளே மாறிவிட்டது.

அந்த எண்ணத்தைப் பற்றிய சண்டை இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில்தான் நடந்தது என்று நாம் கருதிக்கொண்டிருக்கிறோம். அதன் மிகக் கசப்பான அத்தியாயங்களுள் ஒன்று நமக்கு முப்பது கல் தொலைவில், பாளையங்கோட்டையில் எழுதப்பட்டது.

ரேனியஸ் ஐயர் 1790-இல் பிரஷ்ய நாட்டில் பிறந்த லுத்தரன். ஆங்கிலிக்கரின் சி.எம்.எஸ். சங்கம் அவரை அனுப்பியது. ஆங்கிலேயக் குருக்கள் முன்வராத காலத்தில் அச்சங்கம் ஜெர்மானியர்களை நாடியது வியப்பன்று. 1814-இல் சென்னைக்கும், 1820-இல் பாளையங்கோட்டைக்கும் வந்தார். தமிழை இலக்கணத்தோடு கற்றார், விவிலியத்தை மொழிபெயர்த்தார், டோனாவூர் போன்ற கிறிஸ்தவக் குடியிருப்புகளை அமைத்தார். பதினைந்து ஆண்டுகளில் அவர் பராமரிப்பில் இருந்தோர் பல்லாயிரவர் ஆயினர். இத்தனை பேருக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் நற்கருணை வழங்கவும் குருக்கள் வேண்டுமே! தாம் பயிற்றுவித்த உபதேசியார்களுக்கு லுத்தரன் முறைப்படி தாமே பட்டம் கொடுக்க விரும்பினார். ஆயரின் கை தலைமேல் படாத எவரும் ஆங்கிலிக்கன் சபையில் குருவாக இயலாது என்று சங்கம் மறுத்தது.

இதில் ஒரு முரண் உண்டு. தஞ்சையில் 1790-இல் லுத்தரன் முறைப்படி பட்டம் பெற்ற சத்தியநாதன் என்ற தமிழர் இதே திருநெல்வேலிச் சீமையில் குருப்பணி செய்தவர். அவருக்குப் படியளந்ததும் ஓர் ஆங்கிலிக்கன் சங்கமே. அன்று செல்லுபடியான பட்டம் நாற்பது ஆண்டுகளில் செல்லாக்காசு ஆனது எப்படி? விடை வேதத்தில் இல்லை, சூழலில் இருக்கிறது. சத்தியநாதன் பட்டம் பெற்றபோது இந்தியாவில் ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவரும் இல்லை. 1814-இல் கல்கத்தாவுக்கு ஆயர் வந்தார், 1835-இல் சென்னைக்கும் வந்தார். ஆயர் வந்துவிட்டால் ஆயர் ஆட்சியும் வந்தே தீரும்.

இங்கிலாந்திலோ 1833-இல் நியூமனும் அவர் நண்பர்களும் ஆக்ஸ்போர்டில் திருத்தூதர் வழிமரபை வற்புறுத்தித் துண்டு நூல்கள் வெளியிடத் தொடங்கியிருந்தனர். அந்தக் கேள்வியை விடாமல் பின்தொடர்ந்த நியூமன் 1845-இல் நம் திருச்சபையை வந்தடைந்தார். சி.எம்.எஸ். சங்கத்தார் ஆக்ஸ்போர்டு இயக்கத்துக்கு எதிரணியினர். ஆயினும் ஆயர் கை என்ற இடத்தில் அவர்களும் உறுதியாக நின்றனர்.

1834-இல் சென்னையில் ஹார்ப்பர் என்ற குருவானவர் ஆங்கிலிக்கன் சபையைப் போற்றி எழுதிய நூலுக்கு ரேனியஸ் மதிப்புரை எழுதினார். அச்சபையின் ஆட்சிமுறையையும் அதன் வழிபாட்டு நூலையும் அதில் வெளிப்படையாகக் குறைகூறினார். சங்கம் 1835-இல் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. ஐயர் ஆர்க்காட்டுக்குப் போனார். தம் மக்கள் அழைக்க, அதே ஆண்டில் திரும்பி வந்தார். சபை இரண்டாயிற்று. அவர் 1838 ஜூன் 5-இல், 47 வயதில் இறந்தார். பிரிந்து நின்றோரில் பெரும்பாலோர் பிறகு சங்கத்தோடு சேர்ந்துகொண்டனர்.

நாம் இதைப் படித்து, பிரிந்த சகோதரரின் வீட்டுச் சண்டை என்று புன்னகைக்க வேண்டாம். அதே 1838-இல்தான் பாப்பு பதினாறாம் கிரகோரியார் ஓர் ஆணையால் மயிலாப்பூர், கொச்சி முதலிய இடங்களில் போர்த்துக்கீசிய பதுரவாதோவின் அதிகாரத்தை நீக்கினார். கோவா குருக்கள் பணிய மறுத்தனர். புதிய மதுரை மிஷன் இயேசு சபையார் வந்து சேர்ந்தனர். நம் முத்துக்குளித்துறை ஊர்களும் அவ்வழக்கில் இழுபட்டன. அவர்களுக்கு வழக்கு பட்டத்தைப் பற்றியது. நமக்கு அதிகாரத்தைப் பற்றியது. கோவில் முற்றத்தில் நின்ற மீனவனுக்கு அந்த வேறுபாடு எவ்வளவு விளங்கியிருக்கும் என்பது ஐயமே.

ஆங்கிலிக்கர் பக்கம் சிக்கல் பின்னும் நீடித்தது. 1877-இல் திருநெல்வேலிக்கு இரண்டு துணை ஆயர்கள் கிடைத்தனர்: எஸ்.பி.ஜி. சங்கத்துக்குக் கால்டுவெல், சி.எம்.எஸ். சங்கத்துக்குச் சார்ஜண்ட். சங்கத்துக்கு ஓர் ஆயர் என்பது திருச்சபையின் பழைய மரபுக்குள் எளிதில் அடங்கும் ஏற்பாடன்று. கால்டுவெல் 1883-இல் தூத்துக்குடிக்கே குடிவந்தார். அதற்கு முன்பே, 1857-இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்பவர் வெள்ளைக் குருமாரே வேண்டாமெனத் தனிச்சபை கண்டிருந்தார். நாடார் சமுதாயத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் எழுதிய ஆங்கில நூல் மூட்டிய சினமும் அதற்கு ஒரு காரணம். சனிக்கிழமை ஓய்வுநாள், தரையில் அமர்ந்து வழிபாடு, தூபம் என அச்சபை தன் வழியே சென்றது.

திருநெல்வேலி முழு ஆங்கிலிக்கன் மறைமாவட்டமாகி, சாமுவேல் மார்லி அதன் முதல் ஆயரானது 1896-இல். ஆங்கிலிக்கன் பட்டங்கள் செல்லாதவை எனப் பாப்பு பதின்மூன்றாம் சிங்கராயர் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டில்! பாளையங்கோட்டையில் மகிழ்ச்சி எப்படிக் கலங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ரேனியஸின் பட்டத்துக்கு ஆங்கிலிக்கர் சொன்ன விடையையே ஆங்கிலிக்கருக்கு உரோமை சொல்லிற்று.

1947 செப்டம்பர் 27-இல் சென்னைப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. ஆயர் ஆட்சி இருக்கும். ஆனால் ஆயர் கைபடாமல் பட்டம் பெற்றிருந்த பிற சபைக் குருமாரும் மறுபட்டம் இன்றியே ஏற்கப்படுவர் என்பது உடன்பாடு. இங்கிலாந்தில் உயர்சபையினர் கொதித்தனர், கவிஞர் டி.எஸ். எலியட் 1943-லேயே இத்திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். திருநெல்வேலியின் ஆங்கிலிக்கர் தயங்காமல் ஒன்றிப்பில் சேர்ந்தனர். ரேனியஸ் இறந்து அப்போது 109 ஆண்டுகள் ஆகியிருந்தன.